யாழ்ப்பாணத்துக் குப்பை எங்கே போகிறது தெரியுமா?

கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிறதே, அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? உள்ளே ஊர்களில் பெய்த மழை, நிலத்துக்கு அடியால் நடந்து வந்தது! குடாநாட்டின் கீழே இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமான அந்தக் கல்லுக்குள் இறங்கும் மழைதான் நம் கிணற்று நீர். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இங்கே இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். வளவு மூலையில் ஒரு பழைய பற்றரியைப் புதைத்தால் அதன் ஈயத்துக்கும் அதே வழி திறந்திருக்கிறது!

யாழ். மாநகரின் குப்பை கொட்டப்படும் கல்லுண்டாய் வெளி கடல்நீரேரிக் கரையோரம் இருக்கிறது. அங்கே குவியல் எரிந்தால் புகை குடிமனைகளுக்குள் வருகிறது. குவியல் உயர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பின் மீதொட்டமுல்லை காட்டியது. சரிந்த குப்பைமேட்டுக்குள் 30க்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

இத்தனைக்கும், இலங்கையின் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது, தெரியுமா? வீட்டிலேயே பிரித்தால் கல்லுண்டாய்க்குப் போகும் சுமை அந்த அளவுக்குக் குறையும்! பிரிப்பதற்கு நாடு முழுவதுக்கும் ஒரே நிறங்கள்: உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக், பொலித்தீனுக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு. மண்ணிறம்? உலோகத்துக்கும் தேங்காய்ச் சிரட்டைக்கும்! சிரட்டைக்கு ஒரு நிறம் ஒதுக்கியவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் போத்தல் குப்பையாகவே இருந்ததில்லை, தெரியுமா? வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊற விட்ட சொற்ப மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள்!

அதற்கும் முந்தியது ஓலைக் கணக்கு. வேலி பிரித்துக் கட்டும்போது கழிக்கும் பழைய பனையோலை தோட்டத்துக்குப் போகும். செம்மண்ணில் தாழ்த்துவார்கள், உக்கிப் பசளையாகி, புகையிலையும் வெங்காயமுமாக எழும்பும்!

2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடை செய்யப்பட்டவற்றில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் ஒன்று. ஆனால் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை எந்தத் தடையும் தொட வேண்டியதில்லை. முழுக்கப் பனையோலை, பழுதானால் தென்னையடியில் போடுங்கள், மரம் எடுத்துக்கொள்ளும்!