இரண்டு விநாடி நெருப்பு

கொரோனா காலத்தில் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிதான் புதுச்சேரியின் கொரோனா மருத்துவமனை. அந்த வார்டுகளின் கழிவை இரட்டை மஞ்சள் பையில் கட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. மஞ்சள் பை பெரும்பாலும் போய்ச் சேருவது இன்சினரேட்டர் என்ற எரிஉலைக்கு. கிருமி சாகும், சரி. புகை?

கரும்புகை கண்ணுக்குத் தெரியும். அது அவ்வளவு பெரிய வில்லன் இல்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத டையாக்சின். குளோரின் உள்ள பிளாஸ்டிக் சரியாக எரியாதபோது உருவாகும் நஞ்சு அது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ஒரு கன மீட்டர் புகையில் 0.1 நானோகிராம்வரைதான் இருக்கலாம். ஒரு கிராமை ஆயிரம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு!

அதற்காகவே உலைக்கு இரண்டு அறைகள். முதல் அறையில் 800 டிகிரி, அடுத்ததில் 1,050 டிகிரி. இரண்டாவது அறையில் புகை 2 விநாடியாவது தங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அங்கே சிதைந்த டையாக்சின் வெளியே வந்து ஆறும்போது, 450 முதல் 200 டிகிரிக்குள் மறுபடி உருவாகிவிடும். ஆகவே புகையைச் சட்டென்று குளிரவைத்து, கரித்தூள் தூவி, பை வடிகட்டியில் பிடிக்கிறார்கள்.

'புகையே வராது' என்று ஒருவர் புதுக் கருவி கொண்டுவந்தால் என்ன கேட்பது? முதலில், அளந்தபோது புகையில் ஆக்சிஜன் எவ்வளவு? மோரில் தண்ணீர் ஊற்றினால் புளிப்பு குறைவதுபோல, காற்றைக் கலந்தால் எந்த எண்ணும் குறைந்துவிடும். அதனால்தான் அளவை 11 சதவீத ஆக்சிஜனுக்குக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அடுத்து, உலையை மூட்டும் நேரத்திலும் ஈரக் கழிவு போட்டபோதும் சோதித்தார்களா? பிடிபட்ட நஞ்சு சாம்பலாகவோ கழுவிய நீராகவோ எங்கே போகிறது? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் கருவியை வாங்காதீர்கள்.

எரிக்காத வழியும் வருகிறது. திருவனந்தபுரத்தின் நிஸ்ட் ஆய்வகம் உருவாக்கிய 'சிருஜனம்' என்ற மருத்துவக் கழிவுக் கருவி 2025 பிப்ரவரியில் டெல்லி எய்ம்ஸில் தொடங்கிவைக்கப்பட்டது. நெருப்பு இல்லாததால் டையாக்சின் கேள்வி இல்லை. கிருமி முழுதும் செத்ததா என்பதே அங்கே கேள்வி. இப்படிப் புதிய முறை எதுவானாலும் மத்திய அரசிடம் விண்ணப்பித்து, அதற்கான தர அளவுகளைப் பெற்ற பிறகே பயன்படுத்த முடியும்.

கருவி எதுவானாலும் முதல் காவல் வார்டில்தான். பெரும்பாலும் குளோரின் உள்ள பிளாஸ்டிக்கால் ஆன சலைன் குழாய், எரிக்காத சிவப்புப் பைக்கு உரியது. வார்டில் யாரோ அவசரத்தில் அதை மஞ்சள் பையில் போட்டால், குளோரின் நேராக உலைக்குள் போகிறது.