கருத்துப் பஞ்சம்

வெளிநாட்டுக்குப் படிக்கவோ பணிபுரியவோ செல்ல விரும்பும் நம் இளைஞர் பலர், ஆங்கிலத் தேர்வு என்னும் வாயிலைக் கடந்தே செல்லவேண்டியிருக்கிறது. அத்தகைய தேர்வுகளுள் ஒன்று ஐ.இ.எல்.டி.எஸ். என்பது. 1989-ஆம் ஆண்டு முதல் அது அப்பெயரால் நடைபெற்று வருகிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்ட அத்தேர்வில், எழுதுதலுக்கு ஒரு மணி நேரம் தருகிறார்கள். அதில் இரண்டு வினாக்கள். இரண்டாவது வினா, பொதுவாழ்வைச் சார்ந்த ஒரு சிக்கலை எடுத்துக்கூறி, அதைப்பற்றி எழுதுவோர் கருத்தைக் கேட்பது. அதற்கு 40 நிமிடத்துக்குள், 250 சொற்களுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை எழுதவேண்டும். முதல் வினாவைப்போல் இரு மடங்கு மதிப்பு இதற்கு உண்டு. இக்கட்டுரைக்கு வேண்டிய கருத்துகளைத் தேடுவது எவ்வாறு, தேடிக் கண்டவற்றை வளர்ப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இத்தேர்வுக்குச் செல்வோர்க்கு நான் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, இலக்கணம் ஓரளவு வருகிறது, சொற்களும் தெரியும், ஆனால் எழுத ஒன்றும் தோன்றவில்லை." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழும். உண்மையில் இவர்களுக்குக் கருத்து இல்லையா, அல்லது இருக்கும் கருத்தைக் கருத்தென்று மதிக்கவில்லையா?

ஒரு சமயம், பன்னிரண்டு ஆண்டு அனுபவம் வாய்ந்த செவிலியர் ஒருவர் என்னிடம் பயில வந்தார். பிரிட்டனில் பணிபுரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். நான் அவருக்குக் கொடுத்த வினா இது: "முதியோரைப் பேணும் பொறுப்பு குடும்பத்தினருக்கே உரியது; அரசுக்கு உரியதன்று. இதை எந்த அளவுக்கு ஒப்புகிறீர்கள்?" அரை மணி நேரம் கழித்து அவர் தாளைப் பார்த்தேன். மூன்று வாக்கியங்கள் இருந்தன. முதியோர் மதிக்கத்தக்கவர், குடும்பம் அன்பு தரும், இக்காலத்தில் முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன. அவ்வளவுதான்.

"அம்மா, தாளை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் வார்டில் முதியோர் இருக்கிறார்களா?" என்று தமிழிலேயே கேட்டேன். கால் மணி நேரம் அவர் பேசினார். பார்வையாளர் நேரம் முடியும்வரை வாயிலையே பார்த்துக் கொண்டிருக்கும் கிழவரைப் பற்றிச் சொன்னார். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு, பின்னர் மருந்து வாங்கவும் பணமின்றித் தவித்த மகளைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பிய நோயாளி ஒரே மாதத்தில் படுக்கைப்புண்ணோடு திரும்பி வந்ததையும், வீட்டார் அன்பில் குறைவைக்காதவர்களாயினும் புரட்டிப் படுக்கவைக்கும் முறை அறியாதவர்களாய் இருந்ததையும் சொன்னார். "இவற்றை ஏன் எழுதவில்லை?" என்றேன். "இது நான் செய்கிற வேலை ஐயா, இதைப் போய்க் கட்டுரையில் எழுதலாமா?" என்றார்.

கருத்துப் பஞ்சம் என்று நாம் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது. கட்டுரைக் கருத்து என்பது எங்கோ உயரத்தில், அறிஞர் நூலிலும் ஆங்கில நாளேட்டிலும் இருப்பது என்று நம் மாணவர் எண்ணுகிறார்கள். வினாத்தாளோ அப்படிச் சொல்லவில்லை. காரணங்களைக் கூறுக, உம்முடைய அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ பொருத்தமான எடுத்துக்காட்டுகளைத் தருக என்றே அது பணிக்கிறது. அனுபவம் ஏற்கத்தக்க சான்று என்பதைத் தேர்வு நடத்துவோரே ஒப்புக்கொண்டிருக்கும்போது, எழுதுவோர் மட்டும் அதை வாயிலிலேயே நிறுத்தி விடுவானேன்?

அப்படியானால் உள்ளே கிடப்பதை வெளியே கொணர்வது எப்படி? முதலில் வினாவைப் பிரித்துப் படிக்கவேண்டும். மேலே சொன்ன வினாவில் பொருள் முதியோர் அல்லர். முதியோரைப் பேணும் பொறுப்பு. முதியோரின் பெருமையைப் பத்து வரி பாடினாலும் வினாவுக்கு விடை ஆகாது. அடுத்து, "குடும்பத்தினருக்கே" என்னும் சொல்லில் ஓர் ஏகாரம் நிற்கிறது. இலக்கண நூலார் அதைப் பிரிநிலை ஏகாரம் என்பர். பிறரையெல்லாம் பிரித்து விலக்கிவிடுவது அது. குடும்பத்துக்குப் பொறுப்பு உண்டா என்பதன்று கேள்வி. குடும்பத்துக்கு மட்டுந்தானா என்பதே கேள்வி. ஆங்கில வினாக்களிலும் "மட்டும்", "எப்போதும்", "எல்லாரும்", "மிகச் சிறந்த" என்னும் பொருளுடைய சொற்கள் இவ்வாறு ஒளிந்து நிற்கும். அச்சொல்லைக் கண்டு பிடித்தவருக்குப் பாதிக் கட்டுரை கிடைத்தது போலத்தான்.

பின்னர், வினாவை நோக்கி நாம் வினாக்களைத் தொடுக்கவேண்டும். நான்கு போதும். யாருக்கு? எப்போது? எதனால்? இல்லையெனில் என்ன? யாருக்கு என்று கேட்டவுடன் மனிதர்கள் கண்முன் வந்து நிற்பார்கள்: முதியவர், மகன், வேலையை விட்ட மகள், மக்களே இல்லாதவர், வரி செலுத்துவோர். ஒவ்வொருவருக்கும் இதனால் வரும் நன்மை என்ன, இடர் என்ன என்று பார்த்தால் கருத்துகள் தாமே அணிவகுக்கும். எப்போது என்று கேட்டால், நடமாடும் முதியவர் வேறு, நினைவிழந்த முதியவர் வேறு என்னும் வேறுபாடு புலப்படும். எதனால் என்று கேட்டால், குடும்பங்கள் சுருங்கியதும் பிள்ளைகள் தொலைவில் வேலை தேடிச் சென்றதும் நினைவுக்கு வரும். அந்தச் செவிலியரே, தம் தாயை ஊரில் விட்டுவிட்டு, வேறொரு நாட்டின் முதியோரைப் பேணப் புறப்படுபவர் அல்லரோ? இவ்வினாவைப்பற்றிக் கருத்துக் கூற அவரினும் தகுதியுடையவர் யார்? இல்லையெனில் என்ன என்னும் வினாவோ, குடும்பம் கைவிட்டால் அந்த முதியவர் எங்கே போவார் என்று நம்மை எண்ணவைக்கும்.

இந்த எண்ணங்களைத் தமிழில் எண்ணலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாக எண்ணலாம். வாக்கியத்தைத்தான் ஆங்கிலத்தில் அமைக்கவேண்டும். தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதுவது ஆகாது. ஆனால் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மறத்தல் கூடாது. தோன்றிய கருத்துகளுள் மிக உயர்ந்தது எது என்று பார்ப்பதைவிட, நம் ஆங்கிலம் தாங்கக்கூடியது எது என்று பார்ப்பதே அறிவுடைமை.

இனி, எந்தப் பக்கம் நிற்பது என்னும் கேள்வி. ஒப்புதல், மறுத்தல் என்னும் இரண்டே வழிகள் உள்ளன என்று பலர் எண்ணுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூல் செய்வோன் கொள்ளத்தக்க நிலைகளை மதம் என்னும் பெயரால் ஏழாக வகுக்கிறது. பிறர் கருத்துக்கு இசைவதும் அதை மறுப்பதும் அவற்றுள் இரண்டுதாம். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு சென்று பின்னர் நீக்குவது ஒன்று. இருவர் மாறுபட்டுக் கூறுமிடத்து ஒன்றைத் துணிவது மற்றொன்று. இரு சாரார் கருத்தையும் ஆராய்ந்து உம் முடிவைக் கூறுக என்று இன்றைய ஆங்கிலத் தேர்வு கேட்கும் வினாவுக்கு இந்நிலை எத்துணைப் பொருத்தமாக இருக்கிறது! எந்த நிலையை மேற்கொண்டாலும், முதற் பத்தியில் கொண்டதை இறுதிப் பத்திவரை காக்கவேண்டும். இடையில் கட்சி மாறுவது கட்டுரைக்குக் கேடு.

அடுத்தது வளர்ப்பது. வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. தேர்வாளர் கட்டுரையை நான்கு அளவைகளால் மதிப்பிடுகின்றனர்: வினாவுக்கு விடையளித்த முறை, கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம். நான்கும் சம பங்கு. புள்ளிகள் 9 வரை செல்லும். முதல் அளவையில் 6 பெறும் கட்டுரைக்கும் 7 பெறும் கட்டுரைக்கும் உள்ள வேறுபாடு கருத்துகளின் எண்ணிக்கையில் இல்லை. 6 பெறுவதில் கருத்துகள் பொருத்தமாகவே இருக்கும். ஆயின் சில வளராமலோ தெளிவின்றியோ நின்றுவிடும். 7 பெறுவதில் அவை விரிவும் ஆதரவும் பெற்றிருக்கும். பிரிட்டனில் பதிவு பெற விரும்பும் செவிலியர் 2018 டிசம்பருக்கு முன் நான்கு பகுதிகளிலும் 7 புள்ளி பெறவேண்டியிருந்தது. அம்மாதத்தில் எழுத்துப் பகுதிக்கு மட்டும் அது 6.5 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த அரைப் புள்ளிக்காகத் திரும்பத் திரும்பக் கட்டணம் செலுத்தித் தேர்வெழுதியவர்களை நான் அறிவேன். அவர்களுள் பலர்க்கு வேண்டியிருந்தது புதிய கருத்தன்று. இருந்த கருத்தை இன்னும் நான்கு வாக்கியம் வளர்க்கும் பழக்கமே.

வளராத கருத்து எப்படி இருக்கும்? "குடும்பம் முதியோர்க்கு அன்பு தரும். மேலும் செலவு குறையும். மேலும் பண்பாடு காக்கப்படும். மேலும் பேரக்குழந்தைகள் மகிழ்வர்." இங்கே நான்கு விதைகள் இருக்கின்றன, ஒன்றும் முளைக்கவில்லை. இதோ, அந்தச் செவிலியர் பின்னர் எழுதிய பத்தியின் பொருள்: "நோயுற்ற முதியவரைப் பேணுவதற்கு அன்பு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் உண்டாகும். வேலைக்குச் செல்லும் பிள்ளைகளால் பகல் முழுவதும் அருகிலிருந்து இதைச் செய்ய இயலாது. நான் பணிபுரியும் மருத்துவமனைக்கு இவ்வாறு புண்ணோடு திரும்பி வருவோரைக் கண்டிருக்கிறேன். ஆதலின், பயிற்சி பெற்ற பணியாளரை அரசு வீடுகளுக்கு அனுப்புமாயின், முதியவர் தம் இல்லத்திலேயே இருக்கலாம். குடும்பமும் தன் கடமையைக் கைவிடாது."

இப்பத்தியில் நடப்பது என்ன? முதலில் ஒரு கூற்று. பிறகு, ஏன் என்று கேட்டதற்கு விடை. பிறகு, எங்கே கண்டீர் என்று கேட்டதற்கு விடை. இறுதியில், அதனால் என்ன என்று கேட்டதற்கு விடை. அவ்விடை நம்மை மீண்டும் வினாவின் வாயிலுக்கே கொண்டுவந்து விடுகிறது. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று நம் பழைய தருக்க நூலார் சொன்னவை இவையே. 250 சொற்களுக்குச் சற்று மேற்பட்ட கட்டுரையில் முகவுரையும் முடிவுரையும் போக, இத்தகைய இரண்டு பத்திகளுக்கே இடம் இருக்கும். ஆகவே கருத்துகள் இரண்டு போதும். ஐந்தைத் திணித்தால் ஐந்தும் மெலிந்துவிடும்.

செய்தியறிவு உடையவர் அதையும் சான்றாக்கலாம். ஜப்பான் 2000-ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக்கென ஒரு காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 40 வயதுக்கு மேற்பட்டோரைச் சந்தா செலுத்தச் செய்தது. இந்தியாவில் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மேல் சுமத்தியது. முதலாவது பொறுப்பைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ளலாம் என்பதற்குச் சான்று. இரண்டாவது பொறுப்பு குடும்பத்தைச் சார்ந்தது என்பதற்குச் சான்று. ஆனால் இல்லாத ஆராய்ச்சியையும் பொய்யான விழுக்காட்டையும் புனைந்து எழுதுமாறு சிலர் கற்பிக்கின்றனர். அது வேண்டாத தீச்செயல். உண்மையான ஓர் அனுபவம், பொய்யான நூறு விழுக்காட்டினும் தெளிவாக எழுத வரும். கட்டுரைகளை உருப்போட்டுக் கொண்டு செல்வதும் இத்தகையதே. முழுவதும் மனப்பாடமே என்று மெய்ப்பிக்கப்பட்ட விடைக்குச் சுழியம் என்று தேர்வின் மதிப்பீட்டு விதியே கூறுகிறது.

நேரத்தைப்பற்றி ஒரு சொல். 40 நிமிடத்தில் முதல் ஏழு நிமிடத்தைச் சிந்தனைக்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதத் தொடங்கிவிட்டாரே என்று பதற வேண்டாம். எண்ணிய பின் எழுதுபவருக்கு அரை மணி நேரம் போதும். எஞ்சிய சில நிமிடம் பிழை பார்க்க உதவும்.

இதற்கான பயிற்சிக்குப் பணம் வேண்டியதில்லை. நாள்தோறும் செய்தித்தாளில் ஒரு தலைப்பை எடுங்கள். அது உங்களுக்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றினால் இன்னும் நல்லது. யாருக்கு, எப்போது, எதனால், இல்லையெனில் என்ன என்று கேளுங்கள். உங்கள் தெருவிலும் வீட்டிலும் வேலையிடத்திலும் அதற்கு ஒரு சான்று தேடுங்கள். கிடைத்ததில் ஒன்றை மட்டும் எடுத்து, ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு திங்கள் இப்படிச் செய்து வந்தால், தேர்வறையில் எழுத ஒன்றும் தோன்றவில்லையே என்னும் கவலை குறையும். எதை விடுவது என்னும் கவலை அப்போது வரக்கூடும். அதற்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.