கியோஞ்சர் பெண்கள் பார்த்த படம்

கையில் அடங்கும் சின்ன புரொஜெக்டர். பேட்டரியில் ஓடுவதால் மின்சாரம் இல்லாத ஊரிலும் படம் காட்டும். எதிரே சுய உதவிக்குழுப் பெண்கள். திரையில் நடிகையும் இல்லை, வெள்ளைக் கோட்டு டாக்டரும் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி கொல்லையில் காய்கறிப் பாத்தி போடுகிறாள், அவர்கள் பேசும் மொழியிலேயே பேசுகிறாள். நடுவில் படத்தை நிறுத்தி, பார்த்தது என்ன, நம் வீட்டில் இது நடக்குமா என்று கேட்கிறார் குழுவை நடத்துபவர். அதன்பின் பெண்கள் பேசத் தொடங்குகிறார்கள்.

ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் நடந்தது இது. பழங்குடி மக்கள் நிறைந்த மாவட்டம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒடிசாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 64.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாம் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே அது 53.4 சதவீதம்.

இந்தப் பட முறை 2006-ல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில், உழவர்களுக்கான திட்டமாகப் பிறந்தது. பிறகு 'டிஜிட்டல் கிரீன்' என்ற தனி அமைப்பானது. ஊர்க்காரர்களே படம் எடுப்பார்கள், ஊர்க்காரர்களே அதில் வருவார்கள். அதே முறையை ஊட்டச்சத்துக்கும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் கியோஞ்சரில் 148 ஊர்த்தொகுப்புகளில் 'உபவன்' என்ற ஆய்வு நடந்தது. முடிவுகள் 2021-ல் வெளியாயின.

எதை வைத்து அளந்தார்கள் என்பது நம் அடுப்படிக்கும் உதவும். ஒரு பெண் நேற்று சாப்பிட்டதைப் பத்து வகைகளாகப் பிரிக்க வேண்டும்: தானியமும் கிழங்கும், பருப்பு, கொட்டையும் விதையும், பால், இறைச்சியும் மீனும், முட்டை, கீரை, வைட்டமின் ஏ நிறைந்த காய்கனி, மற்றக் காய்கள், மற்றப் பழங்கள். ஐந்து வகையாவது தட்டில் இருந்திருக்க வேண்டும். வயிறு முட்டச் சோறும் உருளைக்கிழங்கும் தின்றாலும் கணக்கு ஒன்றுதான்.

கொல்லையில் விளைவிக்கும் வழியைக் காட்டிய படங்கள் ஓடிய ஊர்களில் ஐந்து வகையாவது சாப்பிட்ட பெண்களின் விகிதம் கூடியது. படத்தோடு பெண்கள் கூடிப் பேசும் கூட்டங்களும் நடந்த ஊர்களிலும் கூடியது. குழந்தைகளின் தட்டிலும் உணவு வகைகள் கூடின. ஆனால் தாய்மாரின் உயரத்துக்கேற்ற எடையிலும், மெலிந்த குழந்தைகளின் விகிதத்திலும் மாற்றம் வரவில்லை. இதை மறைக்கக் கூடாது. தட்டு மாறினால் போதாது. வேலைப்பளு, வருமானம், நோய் எல்லாம் உடம்பில் கணக்கு வைக்கின்றன.

இருந்தாலும் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. காரணம், தொழில்நுட்பம் இங்கே பெண்ணோடு பேசுகிறது. நம் நாட்டின் நலத்திட்டச் செயலிகள் பல பெண்ணை எண்ணுவதற்காகவே செய்யப்பட்டவை. 2021-ல் வந்த 'போஷன் டிராக்கர்' வழியே அங்கன்வாடிப் பணியாளர்கள் எடை, உயரம், வருகை எல்லாம் பதிகிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் குறைவாகத்தான் சேரும், கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும் என்பதைப் பதிவேடு எந்தத் தாய்க்கும் சொல்லாது. யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள், போன் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே தேசிய ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் இருப்பதாகச் சொன்ன பெண்கள் 54 சதவீதம்தான். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விடும். போன் இருந்தாலும், சந்தையில் முட்டை வாங்கும் முடிவு பல வீடுகளில் அவளுடையதல்ல. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவளுக்குக் குழம்பில் காய் மிஞ்சுவதில்லை. கீரையின் அருமை அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஊட்டச்சத்துப் படம் எடுக்கப் போகிற அதிகாரிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். கேமராவை அந்த ஊர்ப் பெண்களிடமே கொடுங்கள். படம் பார்க்க அவர்களுடைய கணவர்களையும் மாமியார்களையும் சேர்த்து அழையுங்கள்.