பூவேலை ஓரத்துக்குள் மூச்சுத் திணறும் எழுத்து

விழா அழைப்பு, விருதுச் சான்றிதழ், பண்டிகை வாழ்த்து என்று எது இணையப் பக்கத்துக்கு வந்தாலும் முதலில் வருகிற கோரிக்கை ஒன்றுதான்: "ஓரத்தில் டிசைன் வேண்டும்." வடிவமைப்பாளர் மறுப்பதில்லை. மறுக்கக் காரணமும் இல்லை, இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ். அதற்கென்றே ஒரு வசதி வைத்திருக்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996 டிசம்பரில் வந்த சி.எஸ்.எஸ். முதல் பதிப்பில் எட்டு வகைக் கோடுகள் இருந்தன. புள்ளி, வெட்டுக்கோடு, முழுக்கோடு, இரட்டைக்கோடு, பள்ளம் மேடு போலத் தோன்றும் நான்கு. பூ வேண்டுமென்றால் கத்தரிக்கோல்தான்: படத்தை போட்டோஷாப்பில் எட்டுத் துண்டாக வெட்டி, மூன்றுக்கு மூன்று டேபிள் ஒன்றின் விளிம்புக் கட்டங்களில் ஒட்டுவார்கள். நடுக்கட்டத்தில் எழுத்து. ஒரு பத்தி கூடினால் பக்கவாட்டுத் துண்டுகளுக்கு நடுவே வெள்ளை இடைவெளி பல்லிளிக்கும்.

அந்த வெட்டும் வேலையை பிரவுசரிடம் ஒப்படைத்ததுதான் 'பார்டர்-இமேஜ்'. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டும் தங்கள் முன்னொட்டுகளுடன் இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டன; இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2013இல் 11ஆம் பதிப்பில்தான் மனம் இரங்கியது.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வரையறையில் வரும் வைரக்கல் படத்தைப் பார்த்தால் சங்கதி விளங்கிவிடும். 81க்கு 81 பிக்சல் சதுரம். ஒவ்வொரு வைரமும் 27 பிக்சல். 'ஸ்லைஸ்' மதிப்பு 27 என்றால், நான்கு விளிம்பிலிருந்தும் 27 பிக்சல் உள்ளே தள்ளி வெட்டு விழும், ஒன்பது துண்டு. மூலைகள் நான்கும் மூலையில் அமரும், பக்கத் துண்டுகள் பெட்டியின் நீளத்துக்கு நீளும் அல்லது திரும்பத் திரும்ப வரும், நடுத்துண்டு தூக்கி எறியப்படும். அதையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் 'ஃபில்' என்று சேர்க்க வேண்டும். 'ஸ்ட்ரெச்' கொடுத்தால் வைரம் ரப்பராக இழுபடும். 'ரிப்பீட்' கொடுத்தால் ஓரத்தில் அரை வைரம் வெட்டுப்படும். 'ரவுண்ட்' கொஞ்சம் புத்திசாலி, முழு வைரங்களாகவே நிற்கும்படி அளவைத் தானே சரிசெய்துகொள்ளும்.

புதியவர்கள் விழுகிற குழிகளும் உண்டு. ஸ்லைஸில் 27 என்று மட்டும் எழுத வேண்டும். பழக்கதோஷத்தில் 'பிஎக்ஸ்' சேர்த்தால் அந்த வரி முழுதும் செல்லாது. 'பார்டர்' என்கிற சுருக்க வரியை பார்டர்-இமேஜுக்குப் பின்னால் எழுதினால் படம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். மூலையை வளைக்கிற 'பார்டர்-ரேடியஸ்' இந்தப் படத்தை வளைக்காது. பின்னணி வளையும், பூவேலை சதுரமாகவே நிற்கும்.

இவையெல்லாம் அரை மணி நேரத்தில் பிடிபடுகிற விஷயங்கள். பிடிபடாதது வேறு: அந்தச் சட்டம் எழுத்திடமிருந்து எவ்வளவு இடத்தைப் பிடுங்குகிறது என்ற கணக்கு.

கணினித் திரையில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் வாசகர் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அகலம், பிரவுசர் கணக்கில், பல சமயம் 360 பிக்சல்தான். பக்கத்துக்கு இருபுறமும் 16 பிக்சல் விளிம்பு போனால் 328. வைரச் சட்டம் இருபுறமும் சேர்த்து 54 தின்னும், மிச்சம் 274. சட்டத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 16 வீதம் இடைவெளி விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 242. மூன்றில் ஒரு பங்கு அலங்காரத்துக்கும் வெற்றிடத்துக்கும் போய்விட்டது.

ஆங்கிலம் இதைச் சமாளித்துவிடும், சொற்கள் குட்டை. தமிழில் 'நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு சொல் வந்தால் போதும், அந்த வரி அதற்கே சரியாகிவிடும். கண் மங்கிய பெரியவர் போனில் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருந்தால் சொல் சட்டத்தைத் தாண்டி வைரங்களின் மேலேயே ஏறி நிற்கும். 'ஓவர்ஃப்ளோ-ராப்' போட்டுத் தடுக்கலாம்தான். ஆனால் அது இலக்கணம் பார்த்து உடைப்பதில்லை, இடம் முடிகிற இடத்தில் சொல்லை முறிக்கும். விழா நடக்கும் இடமும் நேரமும் தேடி வந்தவர், முறிந்த சொற்களை ஒட்டவைத்துப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அலங்காரமே இல்லாத வெறும் பெட்டிகள் சலித்துவிட்டன என்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. அதற்காக முதல் பார்வைக்கு மட்டும் வடிவமைத்து, படிக்கப்போகிறவரை மறந்துவிடுவதை ஏற்க முடியாது.

தீர்வு இருந்தும் பலர் எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் எரிச்சல். 'பார்டர்-இமேஜ்-அவுட்செட்' சட்டத்தைப் பெட்டிக்கு வெளியே தள்ளி வரையும். வீணாகக் கிடக்கும் அந்த 16 பிக்சல் விளிம்புக்குள் பூவேலையின் ஒரு பகுதியை அனுப்பிவிடலாம். அளவு மீறித் தள்ளினால் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: திரைக்கு வெளியே போன பூவை ஸ்க்ரோல் செய்து பார்க்க வழியில்லை.

இன்னும் எளிய வழி, குறுகிய திரைக்கென ஒரு 'மீடியா க்வெரி'. ஸ்லைஸ் 27 அப்படியே இருக்கட்டும், பார்டரின் அகலத்தை மட்டும் 10 ஆக்கினால் வைரங்கள் தாமாகவே அந்த அளவுக்குச் சுருங்கும். எழுத்துக்கு 34 பிக்சல் திரும்பக் கிடைக்கும். இடது வலது அகலத்தைச் சுழியாக்கி, மேலும் கீழும் மட்டும் வைர வரிசை ஓடவிட்டால் 242 என்பது 296 ஆகும்.