நூலா, மெஷினா?

நீட் ரிசல்ட் வந்து, கவுன்சலிங்குக்காகக் கல்லூரிகளை வரிசைப்படுத்த உட்காரும்போது திருப்பூர் காதர்பேட்டைக் கடைக்காரர் வீட்டிலும் ஒரு கேள்வி எழும்: "இந்தக் காலேஜில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு பி.ஜி. சீட் கிடைத்தது?" எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது என்று ஆகிவிட்ட காலத்தில் இது நியாயமான கேள்விதான். பதிலாக வரும் அந்த எண் எப்படி உருவாகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அமெரிக்காவில் மேற்படிப்புப் பயிற்சிக்கு மாணவரும் மருத்துவமனையும் ஒருவரையொருவர் வரிசைப்படுத்துகிறார்கள். நேர்காணல், பேராசிரியரின் கடிதம், கல்லூரியின் பெயர் எல்லாம் அங்கே பேசும். நம் ஊரில் பேசுவது நீட் பி.ஜி. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் ரேங்க். அரசுக் கல்லூரி பி.ஜி. சீட்டுகளில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. தமிழகத்தின் பங்கில் பாதி, ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. டெல்லி பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் சொந்த மாணவர்களுக்குத் தனிப் பங்கு உண்டு. அதை விட்டால், எங்கே எம்.பி.பி.எஸ். படித்தாய் என்பதற்கு மார்க் கிடையாது.

"அப்படியானால் சென்னை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் எப்படி இத்தனை பேர் பி.ஜி. போகிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். எல்லோரும் இடறுவது இங்கேதான். 1835-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியைத்தான் மாநில ரேங்க் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுகிறார்கள். இதைப் பின்னலாடைத் தொழிலில் வைத்துப் பாருங்கள்: ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு நயமான கோம்டு நூல் வருகிறது, இன்னொன்றுக்குச் சாதாரண நூல். முதல் யூனிட்டின் துணி வழவழப்பாக வந்தால் அது மெஷினின் திறமை என்று சொல்லிவிடுவோமா? இரண்டிலும் ஒரே நூலை ஓட்டினால்தானே மெஷினின் தரம் தெரியும்!

ஆகவே கிட்டத்தட்ட ஒரே கட்-ஆஃபில் சேர்க்கை முடிகிற இரண்டு கல்லூரிகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால், அதில் கல்லூரிக்குப் பங்கு இருக்க இடமுண்டு. விடுதியில் கூட உட்கார்ந்து படிக்கும் சீனியர்கள் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

எண்ணைச் சொல்பவரிடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். அது முழு பேட்ச்சின் கணக்கா, படித்து முடித்து எத்தனை வருடம் கழித்து எடுத்தது, எந்தப் பிரிவு, ரேங்கில் வந்த சீட்டா, மேனேஜ்மென்ட் கோட்டாவா? "எங்கள் மாணவர்கள் நீட் பி.ஜி.யில் தகுதி பெற்றார்கள்" என்பதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். 2023-இல் தகுதிக்கான பெர்சென்டைலை, அதாவது நமக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்று காட்டும் அளவை, பூஜ்யத்துக்கே இறக்கினார்கள். தேர்வு எழுதிய எல்லோருமே தகுதி பெற்றுவிட்டார்கள்!

நம் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியிடம் இந்த எண்ணை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்ட பதினொரு தமிழகக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. நூறு இடங்கள். முதல் பேட்ச் நாலரை வருடப் படிப்பையும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடிக்கவே 2027 ஆகிவிடும். பி.ஜி. கணக்கு இல்லை என்பதற்காக அதைப் பட்டியலின் அடியில் தள்ள வேண்டியதில்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பிடித்துக் கேளுங்கள்: வார்டில் நோயாளிகள் எத்தனை பேர், எல்லாத் துறைகளிலும் பேராசிரியர்கள் இருக்கிறார்களா, பிரசவ வார்டில் பக்கத்தில் நிற்க விடுகிறார்களா, இரவில் உட்கார்ந்து படிக்க லைப்ரரி திறந்திருக்கிறதா?