மலையருவிக்குச் செல்லும் அன்பர்கள் அறிய வேண்டியவை

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் ஒருங்கே போற்றுவது நம் வழிபாட்டு மரபு. நாஞ்சில் நாட்டிலும் அதனை அடுத்த மலைப்பகுதிகளிலும் தீர்த்தம் பல இடங்களில் அருவியாகவே விளங்குகிறது. திற்பரப்பில் மகாதேவர் திருக்கோயிலும் கோதையாற்றின் அருவியும் அருகருகே அமைந்துள்ளன. கீரிப்பாறைக்கு அப்பால் காட்டாற்றின் கரையில் காளிகேசம் காளியம்மன் எழுந்தருளியுள்ளாள். கீரிப்பாறைக் காட்டிலுள்ள வட்டப்பாறை அருவியின் அருகிலும் காளிக்கு ஒரு சிறு கோயில் உண்டு. தோவாளை வட்டம் அழகியபாண்டியபுரத்தை அடுத்த மலையில், கோடையிலும் வற்றாதது எனப் பெயர் பெற்ற உலக்கை அருவி வீழ்கிறது.

திற்பரப்புக்கு வாகனத்திலேயே சென்றுவிடலாம். உலக்கை அருவிக்கோ அடிவாரத்திலிருந்து காட்டு வழியே நடந்து ஏற வேண்டும். ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய பயணமே எனினும், முன்னேற்பாடு இன்றி மேற்கொள்ளத்தக்கது அன்று.

நடந்து சென்று வழிபடுவது இம்மாவட்டத்தார்க்குப் புதியதன்று. மகா சிவராத்திரியை ஒட்டி நிகழும் சிவாலய ஓட்டத்தில் அன்பர்கள் 12 சிவாலயங்களையும் கால்நடையாகவே சென்று தொழுகின்றனர். அவ்வழி ஊர்கள் தோறும் செல்லும் வழி. மோரும் கஞ்சியும் வழங்குவோர் உண்டு. கால் தளர்ந்தால் அமரத் திண்ணை உண்டு. இரவெல்லாம் ஆள் நடமாட்டம் உண்டு. காட்டு வழியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே அங்கே வேண்டுவன யாவும் வீட்டிலேயே எண்ணி முடிவு செய்யப்பட வேண்டும்.

முதலாவது, அனுமதி

கன்னியாகுமரி மாவட்டத்து மலைக்காடுகளில் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு 2008ஆம் ஆண்டில் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானை, காட்டெருமை, சிறுத்தை முதலியன வாழும் இடம் அது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் செல்ல விரும்பும் வெளியூரார் வனத்துறையின் இசைவைப் பெறுதல் வேண்டும். நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலகத்திலோ, அழகியபாண்டியபுரம் வனச்சரக அலுவலகத்திலோ முன்னதாகவே விசாரித்து, வழி திறந்துள்ளதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சென்ற ஆண்டு திறந்திருந்த வழி இவ்வாண்டும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். அதன் பின்னர் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைவழிகளைத் தெரிந்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும் திட்டமும் தொடங்கப்பெற்றது. கன்னியாகுமரி மாவட்டத்து வழிகளும் அவற்றுள் இடம்பெற்றன. காடு காய்ந்து தீப்பற்றும் காலத்தில் இத்தகைய வழிகள் மூடப்படுவது உண்டு.

இரண்டாவது, மழை

இம்மாவட்டம் இரு பருவ மழையும் பெறுவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. இடையே ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய கோடை மழை உண்டு. எனவே புறப்படும் நாளுக்கு முந்திய இரு நாட்களும் வானிலை அறிவிப்பைக் கேட்டறிதல் நன்று. மலையில் கனமழை எனின் பயணத்தை ஒத்தி வைப்பதே முறை.

இங்கே அன்பர்கள் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அருவியில் வரும் வெள்ளம், அருவியருகே பெய்யும் மழையால் மட்டும் வருவதன்று. மலைமுகட்டில் பெய்த மழை செங்குத்தான பாறைச் சரிவுகளில் தங்காமல் வழிந்து, குறுகிய ஓடைக்குள் ஒன்றுகூடி, சிறிது நேரத்திலேயே கீழே வந்து சேர்கிறது. கீழே வெயில் காயும்போதே மேலிருந்து வெள்ளம் இறங்கக்கூடும். தென்காசி மாவட்டம் பழைய குற்றால அருவியில் 2024 மே 17 அன்று திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. மக்கள் திரளாக நீராடும் இடத்திலேயே இவ்வாறெனில், ஆளற்ற காட்டருவியைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

வெள்ளம் வருமுன் சில குறிகள் தோன்றுவது உண்டு. தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறம் கொள்ளும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் ஓசை மாறி மிகும். சற்று முன் தெரிந்த பாறை நீருள் மறையும். இவற்றுள் ஒன்று கண்டாலும் துணியையும் பையையும் எடுக்க நில்லாது, உடனே கரையேறி மேட்டுக்குச் சென்றுவிட வேண்டும். ஓடைக்கு அப்பால் சிக்கியோர் வெள்ளத்தைக் கடக்க முயலாமல், நீர் வடியும் வரை மேட்டிலேயே காத்திருக்க வேண்டும். குறிகள் தோன்றாமலேயே வெள்ளம் வருவதும் உண்டு. ஆதலால் சிறுவரை அருவியின் நடுவே விடுதல் கூடாது.

மூன்றாவது, நேரம்

காட்டுப் பயணத்தின் கணக்கைத் திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். பிற்பகல் 3 மணிக்குக் காட்டை விட்டு வெளியேறுவது என்று கொள்வோம். இறங்குவதற்கு 2 மணி நேரமும், அருவியில் தங்குவதற்கு 1 மணி நேரமும் ஒதுக்கினால், நண்பகல் 12 மணிக்குள் அருவியை அடைந்தாக வேண்டும். ஏறவும் 2 மணி நேரம் எனின், காலை 10 மணியே கடைசி நேரம். முதியோர் இளைப்பாறவும், வழியில் நேரும் தாமதத்துக்கும் இடம் விட்டு 8 மணிக்கே நடக்கத் தொடங்குதல் சிறப்பு. 12 மணி ஆகியும் அருவி வராவிடில், நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிட வேண்டும். மர நிழல் அடர்ந்த காட்டில் இருள் முன்னதாகவே சூழும். யானைகள் பெரும்பாலும் அந்தியிலும் வைகறையிலும் நடமாடும்.

நான்காவது, உடன் கொள்ள வேண்டியவை

வழி அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர், வழுக்காத காலணி, குடிநீர், கட்டுச்சோறு, கைவிளக்கு, மழைக்காப்பு, அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம் ஆகியன இன்றியமையாதவை. தனியே செல்லலாகாது. காட்டினுள் கைப்பேசி பயன்படாமல் போகக்கூடும். எனவே செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், உறிஞ்சுதலும் தீங்கே விளைக்கும். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கி வந்து, 108 வாகனத்தின் மூலம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, தீர்த்தத்தின் தூய்மை

மலையில் பிறக்கும் நீர் மலையோடு நின்றுவிடுவதில்லை. பழையாறு சுருளகோட்டுப் பகுதியில் தோன்றி, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்ந்து, தாணுமாலயன் உறையும் சுசீந்திரத்தை ஒட்டிச் சென்று மணக்குடியில் கடலோடு கலக்கிறது. மலையோடையில் கரைக்கும் சோப்பும் எண்ணெயும் கீழே வாழ்வோர் பயன்கொள்ளும் நீரில்தான் சேர்கின்றன. நீராடிய ஆடையை ஆற்றில் விடுவதும் அவ்வாறே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. கொண்டு சென்ற பொருளின் உறையைக்கூடத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். கற்பூரம் ஏற்றுவோர் வனத்துறையினர் இசைந்த இடத்தில் மட்டும் ஏற்றி, முற்றும் அணைந்த பின்னரே அகல வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் செய்து சென்ற பின்னரும், வானம் கறுத்தாலோ, நீர் கலங்கினாலோ, வனக்காவலர் தடுத்தாலோ பாதி வழியில் திரும்ப நேரலாம். அதனை வேண்டுதல் குறைவுபட்டதாகக் கருதி வருந்த வேண்டியதில்லை. காளிகேசத்து அன்னையின் கோயில் நின்ற இடத்திலேயே இருக்கும். உலக்கை அருவியும் வீழ்ந்துகொண்டே இருக்கும். சென்றவர் அனைவரும் வீடு திரும்பினால் மற்றொரு நாள் மீண்டும் வந்து தரிசிக்கலாம்.