ஹெட்டரில் உங்கள் பெயர்: எல்லா பக்கத்துக்கும் அதைக் கொண்டுபோவது யார்?

ஒரு ஷாப்பிங் தளத்தைத் திறக்கிறீர்கள். மேலே உங்கள் பெயர், கார்ட்டில் எத்தனை பொருள் என்ற எண், வகைகளின் மெனு. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இந்த மூன்றும் கூடவே வரும். வெப் டெவலப்பராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலரும் முட்டிக்கொள்வது இங்கேதான்: இந்தத் தகவலை எல்லா பக்கத்துக்கும் யார் கொடுப்பது?

1979-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்காக் வகுத்த எம்விசி முறையில் வேலை மூன்றாகப் பிரிகிறது. மாடல் தகவலைப் பார்த்துக்கொள்ளும், வியூ அதைத் திரையில் காட்டும், கன்ட்ரோலர் நடுவில் நிற்கும். இன்றைய வெப் ஃபிரேம்வொர்க்குகளில் ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் பக்கத்தை மட்டும்தான் கவனிக்கும். ஹெட்டரோ, யாருடைய பக்கமும் இல்லை.

ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் அதே நாலு வரியை காப்பி பேஸ்ட் பண்ணலாம். நாற்பதாவதில் யாராவது மறந்துபோவார்கள், அந்தப் பக்கம் மட்டும் மெனு இல்லாமல் நிற்கும். அதனால்தான் ஃபிரேம்வொர்க்குகள் இதற்கென்று பொதுவான ஓர் இடம் வைத்திருக்கின்றன. ஜாங்கோவில் கான்டெக்ஸ்ட் பிராசசர், லாராவெலில் வியூ கம்போசர், ஏஎஸ்பி டாட் நெட் கோரில் வியூ காம்பொனென்ட். ரெயில்ஸில் அந்த வேலை அப்ளிகேஷன் கன்ட்ரோலருடையது. ஒருமுறை எழுதினால் போதும்.

லாராவெலில் ஒன்றைக் கவனியுங்கள். கம்போசரை நட்சத்திரக் குறி போட்டு எல்லா வியூவோடும் இணைத்தால், பக்கத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டு வியூவுக்கும் அது தனியாக ஓடும். பத்துத் துண்டு என்றால் அதே டேட்டாபேஸ் குவெரி பத்து முறை. ஹெட்டர் வியூவோடு மட்டும் இணையுங்கள்.

அதில் போவது வேகம் மட்டும்தான், சரிசெய்துவிடலாம். பெரிய ஆபத்து கேஷில் இருக்கிறது. மெனு எல்லோருக்கும் ஒன்று. பெயரும் கார்ட்டும் ஆளுக்கு ஆள் வேறு. இரண்டையும் 'பொதுத் தகவல்' என்று ஒன்றாகக் கட்டி, முழுப் பக்கத்தையும் கேஷில் வைத்தால், முதலில் வந்தவரின் பெயர் அடுத்து வருபவருக்குத் தெரியும்.

கற்பனை இல்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இதே வகைத் தவறு நடந்தது. தளத்தை முடக்க வந்த தாக்குதலைச் சமாளிக்க கேஷ் அமைப்பை மாற்றினார்கள். அதில் ஒரு பிழை. லாகின் செய்தவர்களின் பக்கங்கள் மற்றவர்களுக்குப் போயின. சுமார் 34,000 பேரின் பக்கங்கள் இப்படிப் போயிருக்கலாம் என்றது வால்வ் நிறுவனம். சில பக்கங்களில் பில்லிங் முகவரி, இமெயில், கிரெடிட் கார்டின் கடைசி 2 இலக்கங்கள்கூட இருந்தன. பாஸ்வேர்டை யாரும் திருடவில்லை. பக்கம் ஆள் மாறிப் போனது, அவ்வளவுதான்.

அதனால் மெனுவைத் தாராளமாக கேஷில் வையுங்கள். பெயர், கார்ட் இருக்கும் பக்கத்துக்கு கேஷ்-கன்ட்ரோல் ஹெட்டரில் பிரைவேட் என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் பக்கம் வந்தபிறகு ஜாவாஸ்கிரிப்ட் வழியாக அந்தத் துண்டை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். லைவ் போவதற்கு முன்னால் இரண்டு பிரவுசரில் இரண்டு அக்கவுன்ட்டில் லாகின் செய்து, ஒரே பக்கத்தை மாறி மாறி ரீஃப்ரெஷ் செய்து பாருங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.